கடலை ஊரிலிருந்து கடல் தாண்டி

வெளிநாடு புறப்படும் பெங்களூருவாசிக்கு உணவு அலர்ஜியும் இருந்தால், பணப்பைக்கும் மருந்துப்பைக்கும் கணக்கு ஒன்றுதான்.

பெங்களூருவின் பெயருக்கே ஒரு சாப்பாட்டுக் கதை உண்டு. வேட்டைக்குப் போய் வழி தவறிய ஹொய்சள மன்னன் வீர பல்லாளன், பசியோடு ஒரு குடிசை வாசலில் வந்து நின்றானாம். உள்ளே இருந்த கிழவியிடம் இருந்தது வேகவைத்த பயறு மட்டும். கன்னடத்தில் 'பெந்த காளு'. அந்த நன்றியில் பிறந்த 'பெந்தகாளூரு' தேய்ந்து பெங்களூரு ஆனது என்பார்கள். வீர பல்லாளன் 12-ம் நூற்றாண்டில் பட்டத்துக்கு வந்தவன். நகரின் தெற்கே பேகூரில் உள்ள 9-ம் நூற்றாண்டுக் கல்வெட்டிலேயே பெங்களூரு என்ற பெயர் இருக்கிறது. ஆக, வரலாறாக இந்தக் கதை நிற்காது. பயணிகளுக்கான பாடமாக நிற்கும். முன்பின் தெரியாத வீட்டில், என்ன ஏது என்று கேட்காமல் சாப்பிட்ட அரசனுக்குப் பயறு ஒத்துக்கொண்டது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

பயறு வகைகளில் சிலருக்கு எமனாக வருவது வேர்க்கடலை. அதற்குத் திருவிழாவே எடுக்கும் ஊர் இது. கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையை ஒட்டி, பசவனகுடியில் ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தி இருக்கும் கோயிலைச் சுற்றி 'கடலேகாய் பரிஷே' நடக்கிறது. புல் டெம்பிள் சாலையின் இரு பக்கமும் கடலை மலை மலையாகக் குவிகிறது. பச்சை, வறுத்தது, அவித்தது என்று கோலார், சிக்கபள்ளாபூர், மாகடி பக்கத்து விவசாயிகளோடு தமிழகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் மூட்டைகள் வந்து இறங்குகின்றன. விளைந்த கடலையை ஒரு காளை மேய்ந்துவிட்டுப் போக, முதல் விளைச்சலை அதற்கே படைப்பதாக உழவர்கள் வேண்டிக்கொண்டார்கள் என்பது தலபுராணம். அந்த நாட்களில் காலடியில் நொறுங்குவதெல்லாம் கடலைத் தொலிதான். வேர்க்கடலை அலர்ஜி உள்ள குழந்தையின் பெற்றோர் அந்தப் பக்கம் போகாமலே இருப்பது நல்லது.

பரிஷே சில நாட்களில் முடிந்துவிடும். சமையலறையில் கடலை முடிவதில்லை. காலைச் சித்ரான்னத்தில், புளியோகரேயில், தாளித்த அவலில் அது இருக்கும். நிப்பட்டில் பொடியாகக் கலந்திருக்கும். நகரின் 'காண்டிமென்ட்ஸ்' கடைகளில் மசாலா தடவிய கடலைக்குக் 'காங்கிரஸ் கடலேகாய்' என்று பெயர். வடகர்நாடக உணவகங்களில் ஷேங்கா சட்னிப்பொடி, ஷேங்கா ஹோளிகே. இத்தனைக்கும் நடுவே வளர்ந்த ஓர் அலர்ஜிக்காரருக்கு எங்கே சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்பது உள்ளூரில் அத்துப்படி. அம்மாவுக்குத் தெரியும், மூலைக் கடைக்காரருக்குத் தெரியும், ஆபீஸ் கேண்டீனுக்குத் தெரியும். தேவனஹள்ளியில் விமானம் ஏறியதும் அந்தப் பாதுகாப்பு வளையம் தரையிலேயே நின்றுவிடுகிறது.

நூற்றில் ஒருவர்

இந்தியாவில் உணவு அலர்ஜி எத்தனை பேருக்கு இருக்கிறது என்று பார்த்த பெரிய ஆய்வுகளில் ஒன்று பெங்களூரு, மைசூரு மக்களிடையே நடந்தது. யூரோபிரிவால் என்ற பன்னாட்டு ஆய்வின் பகுதியான அதன் முடிவு 2016-ல் வெளியானது. சோதித்ததில் ஏறத்தாழக் கால்வாசிப் பெரியவர்களின் ரத்தத்தில் ஏதோ ஓர் உணவுக்கு எதிரான அறிகுறி தென்பட்டது. ஆனால் உண்மையில் அலர்ஜியாக இருக்கக்கூடும் என்று கணிக்கப்பட்டவர்கள் 1.2 சதவீதம் பேரே. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுப் பத்து உணவுகளை விலக்கி வைப்பவர்களுக்கு இது ஒரு செய்தி. சாப்பிட்டபோது உடம்பு என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் பார்த்து அலர்ஜி நிபுணர் சொல்வதே தீர்ப்பு. பயணத்துக்கு முன்பே அந்தத் தீர்ப்பைத் தெளிவாக வாங்கிவிட வேண்டும். எதைத் தவிர்ப்பது என்பதே சரியாகத் தெரியாதவர் வெளிநாட்டில் எதையும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

நூற்றில் ஒருவர் என்பது இன்னொரு சிக்கலையும் சொல்கிறது. மற்ற 99 பேருக்கு இது புரிவதில்லை. 'அந்த ஆளைக் கண்டாலே அலர்ஜி' என்று சொல்லிப் பழகிய தமிழில் அந்தச் சொல்லுக்குப் 'பிடிக்காது' என்று அர்த்தம் வந்துவிட்டது. பரிமாறுபவரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார். மேலே தூவிய கடலையைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு அதே தட்டை நீட்டுகிறார். தீவிர அலர்ஜிக்காரருக்கு மிஞ்சியிருக்கும் துகளே போதும். தோல் தடிப்பதில் ஆரம்பித்து, உதடும் தொண்டையும் வீங்கி, மூச்சு இறுகி, ரத்த அழுத்தம் சரிந்து, சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர்கள் இதை அனாஃபைலாக்ஸிஸ் என்கிறார்கள்.

எட்டு டாலரிலிருந்து

பணத்தைப் பொறுத்தவரை இந்தியப் பயணியின் நிலை தலைகீழாக மாறியிருக்கிறது. சட்டைப் பையில் 8 டாலரோடு அமெரிக்காவில் இறங்கிய கதையை 1970-களில் கடல் கடந்த தலைமுறை இன்றும் சலிக்காமல் சொல்லும். அந்நியச் செலாவணி தங்கத்தைவிட அரிதாக இருந்த காலம் அது. 1991-க்குப் பிறகு கதவு திறந்தது. 2000 ஜூனில் பழைய ஃபெரா சட்டம் போய் ஃபெமா நடைமுறைக்கு வந்தது. 2004-ல் தனிநபர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அந்த வரம்பு இன்று 2,50,000 டாலர்.

2008 மே மாதம் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறந்தபோது, பழைய ஹெச்.ஏ.எல். விமான நிலையத்தின் நெரிசலிலிருந்து நகரம் விடுபட்டது. 2023 செப்டம்பர் முதல் வெளிநாட்டு விமானங்கள் இரண்டாவது முனையத்திலிருந்து புறப்படுகின்றன. மூங்கிலும் தொங்கு தோட்டமுமாக இருக்கும் அந்த முனையத்தில் மாணவர்கள், கம்பெனி வேலையாகப் போகும் மென்பொருள்காரர்கள், பேரப்பிள்ளை பார்க்கப் போகும் தாத்தா பாட்டிகள் என்று எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். டாலருக்குப் பஞ்சமில்லை. இருக்கும் பணம் எந்த ரூபத்தில் இருக்கிறது, அவசரத்தில் கைக்கு வருமா என்பதே இன்றைய கேள்வி.

மலிவுச் சாப்பாட்டின் விலை

வெளிநாட்டுப் பயணத்துக்குக் கணக்குப் போடும் இந்தியக் குடும்பம், டிக்கெட், விசா, அறை, சுற்றிப் பார்க்கும் செலவு என்று எழுதிவிட்டு, 'சாப்பாட்டை எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம்' என்று முடிக்கும். கையிருப்பு குறையும்போது முதலில் வெட்டு விழுவதும் சாப்பாட்டில்தான். அலர்ஜி உள்ள வீட்டில் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். மலிவான உணவு கிடைக்கும் இடத்தில்தான் லேபிள் இருக்காது, ஒரே வாணலியில் பத்துப் பண்டம் புரளும், கேட்டுப் பதில் சொல்ல ஆளுக்கு நேரமும் இருக்காது.

தென்கிழக்கு ஆசியா இதற்கு நல்ல உதாரணம். தமிழர்கள் அதிகம் போகும் மலேசியாவில் 'வெறும் சோறுதானே' என்று வாங்கும் நாசி லெமாக் தட்டில் நெத்திலிக் கருவாட்டோடு வறுத்த வேர்க்கடலையும் வரும். சிங்கப்பூர் சாத்தேயின் குழம்பே கடலைக் குழம்பு. ரோஜாக்கின் மேலும் கடலைத் தூள். தாய்லாந்தின் பட் தாய், பப்பாளிக்காய் சாலட், மசமன் குழம்பு எல்லாவற்றிலும் அதுவே. சிங்கப்பூர் செராங்கூன் சாலைப் பகுதியில், 1924-ல் பெங்களூருவில் பிறந்த எம்.டி.ஆர். உணவகத்தின் கிளை இருக்கிறது. ஊர்ச் சாப்பாடு என்ற ஆறுதலில் அங்கே நுழைபவரும் கேட்டே ஆக வேண்டும். ரவா இட்லி இரண்டாம் உலகப் போர்க் காலத்து அரிசித் தட்டுப்பாட்டில் எம்.டி.ஆர். கண்டுபிடித்த பலகாரம் என்பார்கள். இட்லி என்ற பெயரை நம்பி, கோதுமை ஆகாதவர் ரவையையும், முந்திரி ஆகாதவர் அதன் மேல் பதித்த முந்திரியையும் சாப்பிட்டுவிடக் கூடாது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல் 14 அலர்ஜிப் பொருட்களைப் பற்றிய தகவலை, பொட்டலத்தில் மட்டுமல்ல, உணவகத்திலும் தந்தாக வேண்டும். கடுகும் எள்ளும் அந்தப் பட்டியலில் உண்டு. அமெரிக்காவில் பொட்டல உணவுக்கு 9 பொருட்கள். எள் 2023 ஜனவரியில் சேர்ந்தது. ஆனால் அங்குள்ள மத்தியச் சட்டம் உணவகத் தட்டைத் தொடுவதில்லை. ஜப்பானின் கட்டாயப் பட்டியலில் சோபா நூடுல்ஸ் செய்யும் பக்வீட் தானியம் இருக்கிறது. நம் ஊரில் பலர் அதைக் கேள்விப்பட்டதே கிடையாது. அங்கேயும் கட்டாயம் பொட்டலத்துக்குத்தான். இந்தியாவின் 2020-ம் ஆண்டு லேபிள் விதிகளில் வேர்க்கடலை, பால், முட்டை, மீன், சோயா எல்லாம் உண்டு. எந்தச் சமையலிலும் தாளிக்கும் கடுகும், எள்ளும் இடம்பெறவில்லை. ஆகவே இந்தியாவிலிருந்து எடுத்துப்போகும் பொட்டலத்தின் லேபிளில் எள் தனியாக எச்சரிக்கப்படவில்லை என்பதால் உள்ளே எள் இல்லை என்று ஆகிவிடாது. சேர்மானப் பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும்.

அலர்ஜிக்காரரின் பயணத்தில் செலவு கூடும் இடங்கள் இங்கிருந்தே தெரிகின்றன. சிறிய அடுப்பும் ஃபிரிட்ஜும் உள்ள அறைக்கு வாடகை சற்று அதிகம். ஆனால் சூப்பர்மார்க்கெட்டில் லேபிள் படித்து வாங்கிய அரிசியும் காய்கறியும் அந்த வாடகையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். போய்ச் சேரும் முதல் நாளுக்கான உணவைக் கையோடு கொண்டுபோவது இன்னொரு வழி. காந்தி பஜாரிலும் மல்லேஸ்வரத்திலும் புளியோகரே பொடியும் சட்னிப்பொடியும் வாங்கிக் கட்டுவது பெங்களூரு வழக்கம். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகிறவர்கள் பெட்டியில் உள்ள எல்லா உணவையும் இறங்கும்போது எழுதிக் கொடுத்தாக வேண்டும். மறைத்தால் நியூசிலாந்தில் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். எழுதிக் கொடுத்தால் அதிகபட்சம் அந்தப் பொட்டலம்தான் போகும்.

கடலை என்றால் எந்தக் கடலை?

ஓசூரைத் தாண்டியதுமே சொல் மாறிவிடுகிறது. தமிழில் கடலை என்றால் மதுரைக்காரருக்கு வேர்க்கடலை. அதையே விழுப்புரம் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். கன்னடத்தில் வெறும் 'கடலே' என்றால் கொண்டைக்கடலை. 'ஹுரிகடலே' பொட்டுக்கடலை. 'கடலேகாய்' என்றால்தான் வேர்க்கடலை. ஹூப்ளிக்காரர் அதையும் ஷேங்கா என்பார். சட்னியில் கடலை உண்டா என்று தமிழில் கேட்டு, 'ஹுரிகடலே மட்டும்தான்' என்ற பதிலுக்குப் பயந்து எழுந்து போனவருக்கு நஷ்டம் ஒரு தோசை. மாற்றிப் புரிந்துகொண்டவருக்கு நஷ்டம் பெரிது.

பக்கத்து மாநிலத்திலேயே இப்படி என்றால் கடல் தாண்டிக் கேட்கவே வேண்டாம். சிங்களத்தில் வேர்க்கடலைக்கு 'ரட்டகஜு' என்று பெயர். கஜு என்றால் முந்திரி. மலாயில் 'கச்சாங்' என்பது பயறு, பருப்பு, கொட்டை எல்லாவற்றுக்கும் பொது. 'கச்சாங் தானா' என்று சொன்னால்தான் வேர்க்கடலை. எகிப்தில் அது 'ஃபூல் சூடானி', சூடான் பயறு. ஆங்கிலத்தில் 'நட்' இல்லை என்று சொல்லும் பரிசாரகர் முந்திரியையும் பாதாமையும் மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். வேர்க்கடலை பயறு இனம்; அவர் கணக்கில் அது வராமல் போகலாம்.

இதற்கு மலிவான வைத்தியம் ஓர் அட்டை. போகும் நாட்டின் மொழியில், நான்கே வரி: எனக்கு இந்தப் பொருள் ஆகாது, சிறிதளவு கலந்தாலும் உயிருக்கு ஆபத்து, இதன் எண்ணெய், பொடி, குழம்பு எதிலும் கூடாது, இதைத் தொட்ட கரண்டியும் வாணலியும் கூடாது. மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்து, பொருளின் படத்தையும் ஒட்டி, நாலைந்து பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். மொபைல் மொழிபெயர்ப்பு உதவும்தான். சார்ஜ் தீர்ந்த மொபைல் உதவாது. அட்டையைப் பரிமாறுபவரிடம் கொடுப்பதோடு நிறுத்தாமல், சமையல்காரரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொல்ல வேண்டும். எண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் அலர்ஜி தரும் புரதம் பெரும்பாலும் நீங்கியிருக்கும். செக்கில் ஆட்டியதில் அது தங்கியிருக்கலாம்.

இரண்டு பை, இரண்டு வழி

பணத்தை எப்படிக் கொண்டுபோவது என்பதில் பெங்களூருவாசிக்கு ஒரு பழக்கதோஷம். இளநீர் முதல் ஆட்டோ வரை மொபைலைக் காட்டியே காலத்தை ஓட்டுகிறவர் அவர். 2025 ஜூலையில், யுபிஐ வரவுகளை வைத்து வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியபோது, நகரின் சிறு கடைகள் பலவற்றில் 'யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்' என்ற அட்டைகள் தொங்கின. நேற்று வரை செல்லுபடியான வழி இன்று அடைபடலாம் என்று ஊருக்குள்ளேயே கற்றுக்கொடுத்த சம்பவம் அது. வெளிநாட்டில் இது இன்னும் நிஜம். 2024 பிப்ரவரியில் இலங்கையிலும் மொரீஷியஸிலும் யுபிஐ தொடங்கியது. அதே மாதம் பாரிஸின் ஈஃபில் கோபுர டிக்கெட்டுக்கும் அது செல்லுபடியானது. ஆனால் ஒரு நாட்டில் வந்துவிட்டது என்பதால் அங்குள்ள ஒவ்வொரு கடையிலும் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இரவு 11 மணிக்கு மருந்துக்கடை வாசலில் அதைச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

ஆகவே பணம் குறைந்தது மூன்று ரூபத்தில் இருப்பது நல்லது: ஃபோரெக்ஸ் கார்டு, வேறு வங்கியின் கிரெடிட் அல்லது டெபிட் கார்டு, கொஞ்சம் அந்நாட்டு ரொக்கம். பொதுவாக ஒரு பயணத்துக்கு நோட்டாக 3,000 டாலர் மதிப்பு வரை வாங்கலாம். சில நாடுகளுக்கு விதிவிலக்கு உண்டு. ரூபாயை ரொக்கமாகக் கொடுத்து வாங்குவதானால் 50,000 ரூபாய் வரைதான். அதற்கு மேல் வங்கி வழியாகவே கொடுக்க வேண்டும். எம்.ஜி. ரோடு வட்டாரத்தில் உள்ள நாணய மாற்றுக் கடைகள் இரண்டு மூன்றில் விலை கேட்டுவிட்டு வாங்கலாம். விமான நிலையக் கவுன்டரில் விலை பெரும்பாலும் பயணிக்குச் சாதகமாக இருக்காது.

கார்டில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, 2020 அக்டோபர் முதல் புதிதாகத் தரப்படும் கார்டுகள் உள்நாட்டில் மட்டுமே இயங்கும்படி வருகின்றன. வெளிநாட்டு உபயோகத்தைப் பயணியே வங்கியின் செயலியில் திறந்துவிட வேண்டும். அதை முனையத்தில் நினைவுபடுத்திக்கொள்வதைவிட வீட்டிலேயே செய்வது மேல். இரண்டாவது, பல கார்டுகள் வெளிநாட்டுச் செலவின் மேல் 3.5 சதவீதம் வரை கட்டணம் பிடிக்கின்றன. அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஒரு லட்ச ரூபாய் செலவானால் 3,500 ரூபாயும் 630 ரூபாயும் சேர்ந்து 4,130 ரூபாய் கரைந்துவிடும். மூன்றாவது, கடைக்காரரின் இயந்திரம் 'ரூபாயில் கட்டுகிறீர்களா?' என்று அன்பாகக் கேட்கும். சம்மதித்தால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை. அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் லாபம்.

வரி விஷயமும் உண்டு. வெளிநாட்டுக்கு அனுப்பும் பெரிய தொகைக்கு முன்கூட்டியே வரி பிடிக்கும் முறையில், 2025 ஏப்ரலில் 7 லட்சம் ரூபாய் என்ற வரம்பு 10 லட்சமாக உயர்ந்தது. சுற்றுலா நிறுவனத்தின் பேக்கேஜுக்குக் கணக்கு வேறு. பிடித்த தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பயணத்தின்போது அது கையில் இருக்காது என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

இந்த மூன்றும் ஒரே பர்ஸில் இருந்தால் ஒரு பிக்பாக்கெட்டில் எல்லாம் போகும். ஒரு கார்டும் கொஞ்சம் ரொக்கமும் வேறு பையில், முடிந்தால் கூட வருபவரிடம் இருக்க வேண்டும். இந்திய சிம்மை அணைத்துப் போட்டுவிட்டால் வங்கியின் ஓடிபி வராது என்பதையும் மறக்கக் கூடாது. இதே விதி வார்த்தைக்கு வார்த்தை மருந்துக்கும் பொருந்தும்.

ஊசி எங்கே இருக்கிறது?

அனாஃபைலாக்ஸிஸுக்கு முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில், தாமதமில்லாமல் போட வேண்டும். அரிப்புக்குத் தரும் அலர்ஜி மாத்திரை அதற்கு மாற்று ஆகாது. மேலை நாடுகளில் பேனா போன்ற தானியங்கி ஊசி கிடைக்கிறது. தொடையில் வைத்து அழுத்தினால் போதும். இந்தியாவில் அது எளிதில் கிடைப்பதில்லை. வரவழைத்தால் விலை பல ஆயிரம். விலை குறைவான ஆம்பியூலையும் சிரிஞ்சையும் எழுதிக் கொடுத்து, எவ்வளவு மருந்து எடுப்பது, எப்படிப் போடுவது என்று டாக்டர் கற்றுக்கொடுப்பதுதான் இங்கே பெரும்பாலும் நடக்கிறது. பதற்றத்தில் ஆம்பியூலை உடைத்து அளவு பார்த்து ஏற்றுவது சுலபமான காரியம் அல்ல. கூட வருபவரும் கற்றுக்கொள்ள வேண்டும். புறப்படுமுன் நாலு தடவை வெறும் தண்ணீரை வைத்துப் பழகிப் பார்க்க வேண்டும்.

மருந்து இரண்டு தடவைக்காவது இருக்க வேண்டும். 2016 ஜூலையில் நடாஷா எட்னன்-லபரூஸ் என்ற 15 வயது பிரிட்டிஷ் சிறுமி, லண்டன் விமான நிலையத்தில் வாங்கிய ஒரு ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு பிரான்சின் நீஸ் நகருக்கு விமானம் ஏறினாள். மாவில் கலந்திருந்த எள் அவளுக்கு ஆகாது. கடையிலேயே தயாரித்துப் பொட்டலம் கட்டிய உணவில் அதைத் தனியாக அச்சிட வேண்டும் என்று அன்றைய சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. நடுவானில் தந்தை இரண்டு ஊசிகள் போட்டும் அவளைக் காப்பாற்ற முடியவில்லை. பெற்றோரின் போராட்டத்தால், 2021 அக்டோபர் முதல் அத்தகைய பொட்டலங்களிலும் முழுச் சேர்மானத்தை அச்சிடுவது பிரிட்டனில் கட்டாயமாயிற்று. கவனமான குடும்பம், கையில் மருந்து, எல்லாம் இருந்தும் நேர்ந்தது அது. விமானத்தில் ஏறும் முன்போ, ஏறிய பிறகோ புதிய உணவைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம் என்பதே அலர்ஜிக்காரருக்கு அது விட்டுச் சென்ற பாடம். மேலே பறக்கும்போது ஆஸ்பத்திரி கிடையாது.

விமானக் கம்பெனிகள் கடலை இல்லாத விமானம் என்று உத்தரவாதம் தருவதில்லை. 'ஆசிய சைவம்', 'ஜைன உணவு' என்றெல்லாம் முன்பதிவு செய்யலாம். சைவம் என்றால் அலர்ஜிக்குப் பத்திரம் என்று ஆகாது. முந்திரி அரைத்த குருமாவும் சைவம்தான். வீட்டு இட்லியும் தயிர்சாதமும் கையோடு இருப்பது உத்தமம்.

ஊசியும் மருந்தும் கைப்பையில் இருக்க வேண்டும். கீழே போகும் பெட்டியில் போட்டால் வேண்டும்போது கிடைக்காது, பெட்டி வேறு ஊருக்கும் போய்விடலாம். மருந்தின் பொதுப் பெயர், அளவு, காரணம் எழுதிய டாக்டரின் ஆங்கிலக் கடிதம் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் சிக்கல் குறையும். வெயிலில் நிற்கும் காரில் மருந்தை விட்டுவிட்டுச் சுற்றிப் பார்க்கப் போகக் கூடாது. மற்ற மருந்துகளிலும் கவனம் தேவை. சில ஜலதோஷ, அலர்ஜி மாத்திரைகளில் சேரும் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுபோகத் தடை.

காப்பீடும் கடைசிக் கணக்கும்

ஊசி போட்டு மூச்சு சீரானதும் அறைக்குத் திரும்பிவிடலாம் என்று நினைப்பது தவறு. சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரக்கூடும் என்பதால் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். பணமும் அலர்ஜியும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் இது. பல நாடுகளில் வெளிநாட்டவரிடம் முன்பணம் அல்லது கார்டு கேட்பார்கள். செலவுக்குப் பயந்து ஆம்புலன்ஸை அழைக்கத் தயங்குவதும், 'கொஞ்சம் பார்க்கலாம்' என்று காத்திருப்பதும்தான் ஆபத்து. அந்தத் தயக்கம் வராமல் இருக்கவே பயணக் காப்பீடு. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். மற்ற நாடுகளுக்குக் கட்டாயம் இல்லாவிட்டாலும் அலர்ஜிக்காரர் எடுக்காமல் போகக் கூடாது.

பாலிசி எடுக்கும்போது அலர்ஜியை மறைக்கக் கூடாது. ஏற்கெனவே உள்ள நோய் என்ற கட்டத்தில் அதை எழுத வேண்டும். எழுதியபின் அவசரச் சிகிச்சைக்கு எவ்வளவு வரை தருவார்கள், பணம் கட்டாமல் சேர முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சில நூறு ரூபாய் பிரீமியம் மிச்சம் பிடிக்க உண்மையை மறைத்தால் லட்சக்கணக்கில் பில் வரும்போது கம்பெனி கையை விரித்துவிடும்.

அட்டையின் பின்புறத்தில் மூன்று எண்கள் எழுதியிருக்க வேண்டும்: காப்பீட்டின் 24 மணி நேர எண், வீட்டு எண், அந்நாட்டு ஆம்புலன்ஸ் எண். ஐரோப்பிய ஒன்றியத்தில் 112, அமெரிக்காவில் 911, பிரிட்டனில் 999, சிங்கப்பூரில் 995, ஜப்பானில் 119. இலங்கையில் 1990; 2016-ல் இந்திய உதவியோடு தொடங்கிய அந்த ஆம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை.

தேவனஹள்ளி நகரத்திலிருந்து சுமார் 35 கி.மீ. போக்குவரத்தில் அது இரண்டு மணி நேரமும் ஆகும். பாஸ்போர்ட் இருக்கிறதா, டிக்கெட் இருக்கிறதா என்று காரில் தடவிப் பார்க்கும் கைகள் இன்னும் நான்கைத் தேட வேண்டும்: இரண்டு ஊசி, இரண்டு பையில், இரண்டு கார்டு, இரண்டு பையில், அந்நாட்டு மொழியில் ஓர் அட்டை, ஒரு வேளைச் சாப்பாடு. இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் ஹெப்பாள் மேம்பாலத்தைத் தாண்டுவதற்குள் வண்டியைத் திருப்புவதுதான் சிக்கனம்.